விழ வேண்டிய இடம்

பெனிட்டா மேலே ஏறுவதற்கு இன்னும் இரண்டு பாட்டு இருக்கிறது, நடுவில் கங்காணியின் வசனம் ஒன்று, அதற்குள் நிறுத்திவிடலாம், எழுந்து போகக்கூட வேண்டாம், மைக் மடியிலேயே கிடக்கிறது, கட்டைவிரலால் ஒரு தள்ளு, நிறுத்துங்க என்று ஒரு சொல், அவ்வளவுதான், தாமோதரன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவார், விளக்குக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள், அவள் மேடையோர விங்கிலிருந்து எட்டிப்பார்த்து என்ன மாஸ்டர் என்பாள். என்னவென்று சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது என்றா? நாளை சாயங்காலம் முதல் காட்சி. இன்றைக்கு மத்தியானம்தான் விளக்கும் உடுப்பும் செட்டும் எல்லாம் சேர்ந்த முழு ஒத்திகை, இதற்குப் பிறகு இன்னொன்றுக்கு அரங்கம் கிடைக்காது. இந்த நேரத்தில் நாடகத்தின் டைரக்டரும் டான்ஸ் மாஸ்டருமான ஹேமாவதி ஒன்றும் நடக்காமலே பயந்துபோய் ஒத்திகையை நிறுத்தினாள் என்றால் அவர்கள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். பயம் கொட்டாவி மாதிரி. ஒருத்தருக்கு வந்தால் வரிசைக்கே வரும். அதனால் உட்கார்ந்திருக்கிறேன். இருட்டில், அரங்கத்தின் நட்டநடுவில், நாற்காலிகளின் முதுகு மேல் குறுக்கே போட்ட பலகைக்குப் பின்னால், காலை ஆட்டாமல். மேடையில் கப்பல் நிற்கிறது. பலகையும் இரும்புக் குழாயும்தான், ஆனால் விளக்கு போட்டதும் கப்பலாகிவிட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன பழைய காலத்துக் கப்பல். அதில் புருஷனைத் தேடிப் போகிறாள் அஞ்சலை, பெனிட்டாதான் அஞ்சலை. அவன் எப்போதோ செத்துவிட்டான் என்பது பாதிக் கடலில் கங்காணி வாய்தவறிச் சொல்கிற ஒரு வசனத்தில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மேல்தட்டில் ஏறுகிறாள். பாடுகிறாள். விழுகிறாள். பாட்டும் ஆட்டமுமாகவே போகிற நாடகம், பேச்சு கொஞ்சம்தான், அதனால் எல்லாம் அந்த விழுதலில் வந்து நிற்க வேண்டும் என்று நான்தான் வைத்தேன். கடல் என்பது நீல உடுப்பில் ஆறு பேர். கப்பலுக்கும் எங்களுக்கும் நடுவில் அலையாக ஆடுவார்கள். அவள் எங்களைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி அடிக்கு முதுகைத் திருப்பி, கைகளை விரித்து, அப்படியே மல்லாக்கப் பின்னால் சாய வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே இருந்து. கடல் அவளை வாங்கிக்கொள்ளும்.

இதுவரை ஒவ்வொரு தடவையும் வாங்கியிருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். முதலில் நாற்காலியிலிருந்து, அப்புறம் மேஜையிலிருந்து, அப்புறம் மேஜை மேல் மேஜை போட்டு. மேஜையிலிருந்து முதலில் நானே விழுந்து காட்டினேன், இந்த வயசில், முதுகில் அவர்கள் கை பட்டபோது பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். ஒத்திகைக் கூடத்துக்குக் கப்பல் வந்த பிறகும் நன்றாகவே விழுந்தாள். அப்படியிருக்க இன்றைக்கு என்ன? இன்றைக்குக் காலையில் டீ குடிக்கும்போது பெனிட்டா என் பக்கத்தில் வந்து நின்றாள். இருபத்துநாலு வயசு, ராயபுரத்துப் பெண், சர்ச் கொயரில் பாடிக்கொண்டிருந்தவளை அந்தக் குரலுக்காகக் கூட்டிவந்து ஆடக் கற்றுக்கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர், இன்னிக்கு மட்டும் விழாம பாடிக்கட்டுமா, கையெல்லாம் ஜில்லுனு இருக்கு என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்கலாம்? சரிம்மா என்று சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கலாம். தொட்டாவது பார்த்திருக்கலாம், கை நீட்டுகிற தூரத்தில்தான் இருந்தாள். அந்த ஜில்லுதான் எனக்கு வேணும், நாளைக்கும் அத அப்படியே வெச்சிக்க என்றேன். சொல்லும்போதே அது நல்ல வசனமாக இருந்தது, பக்கத்தில் நின்ற ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சரி மாஸ்டர் என்று டீயை முழுசாகக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பைத்தான் காலையிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். உதடு சிரித்தது. மாடு குளத்துப் படியில் தயங்குகிற மாதிரி கண் ஒரு நிமிஷம் என் மேல் நின்றுவிட்டுப் போனது. ஒருவேளை நிற்கவில்லையோ. ஒருவேளை இப்போது நான் நிறுத்தி வைத்துப் பார்க்கிறேனோ. முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பெட்டி தூக்குகிறவர்களின் பாட்டு. கால்கள் சரியாக விழுகின்றன, தடதடவென்று பலகையில் கேட்பது நெஞ்சில் கேட்கிறது, அல்லது நெஞ்சில் கேட்பதுதான் பலகையில் கேட்கிறதோ.

ஆடச் சொல்லிக்கொடுக்கும்போது இவர்கள் என்னை மாஸ்டர் என்கிறார்கள், கீழே இந்தப் பலகைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்ததும் மேடம் ஆகிவிடுகிறேன். யாரும் பேசி வைத்துச் செய்ததில்லை, தானாகவே வந்த பழக்கம். எனக்குள்ளேயும் அப்படித்தான் ஆகிறது. மாஸ்டருக்கு உடம்புகள் தெரியும், யாருக்கு எந்த முட்டி, யாருக்கு மூச்சு வாங்கும், யார் பொய் சொல்லிக்கொண்டு ஆடுகிறார்கள் என்று. மேடத்துக்கு உடம்பு தெரியாது, படம்தான் தெரியும். இடது பக்கம் காலியாக இருக்கிறது, அந்த அலை இன்னும் தாழ வேண்டும், அவள் இன்னும் தாமதித்து விழுந்தால் ஜனம் மூச்சைப் பிடிக்கும். இரண்டு பேரையும் ஒரே சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று தாமோதரன் கேலி செய்வார். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் யார் யாரைத் தடுப்பது என்று அவர் ஒருநாள் கேட்கவும் கேட்டார், சீரியஸாகத்தான், நான் தாளத்தைக் கொஞ்சம் வேகப்படுத்துங்கள் என்றேன். வேறு ஒரு மாஸ்டர் இருந்திருந்தால் இன்றைக்கு என்னிடம் வந்து, மேடம் அந்தப் பொண்ணு இன்னிக்கு சரியில்ல, விழ வேணாம் என்று சண்டை போட்டிருப்பார். எனக்கு அந்த ஆள் இல்லை. நான்தான் அந்த ஆள். நான் வாயை மூடிக்கொண்டு மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கோடம்பாக்கத்தில் குரூப்பில் ஆடிய காலத்தில் எங்கள் மாஸ்டர் கிரேன் மேலிருந்து மைக்கில் பேசுவார். குரல் மட்டும்தான் வரும். முகம் வெயிலுக்குள் இருக்கும், நிமிர்ந்து பார்த்தால் கண் கூசும். ஒரு அருவிப் பாட்டு, பாறையெல்லாம் நனைந்து கிடக்கிறது, எனக்கு வலப்பக்கம் லில்லி. அவள் காலையிலிருந்தே பாறையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள். மூன்றாவது டேக்கில் சறுக்கி உட்கார்ந்தாள். கத்தக்கூட இல்லை. உட்கார்ந்தபடி தன் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி பார்த்தாள். அந்தப் பொண்ண நகத்துங்க, வெளிச்சம் போவுது என்றது குரல். நகர்த்தினார்கள். எல்லோரும் ஓரடி வலப்பக்கம் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டோம், ரெடி, ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட் என்றது குரல், சிரித்துக்கொண்டே ஆடினோம். லில்லி அதற்கப்புறம் வரவில்லை. அந்தக் குரல் கெட்ட குரல் என்று நான் நினைத்ததில்லை. அது பயப்படாத குரல் என்றுதான் நினைத்தேன். என்றைக்காவது நான் அந்த இடத்துக்குப் போனால் என் குரலும் அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்துவிட்டது. எப்போது முடிந்தது? கங்காணி வந்து நிற்கிறான். அந்த வசனம் ஒத்திகையில் எப்போதும் இழுக்கும், இன்றைக்கு ஏன் இவ்வளவு சுருக்காகப் போகிறது, கொஞ்சம் இழுத்தால் என்ன, அவன் சொல்லிவிட்டான், உன் புருஷன் போயி நாளாச்சே என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டான், பெனிட்டா மேடை நடுவில் நிற்கிறாள். நன்றாக நிற்கிறாள். அடிவயிற்றில் அடி விழுந்தவள் நிற்கிற மாதிரி, அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மேடத்துக்குச் சந்தோஷம். கீழே கடல் வந்துவிட்டது. ஆறு பேர். ஜெகன் வலது வரிசையில், எங்கள் பக்கத்து ஓரம். அங்கேதான் தோளும் தலையும் வந்து விழும், அதனால் இருப்பதில் திடமானவனை அங்கே வைத்தேன். மத்தியானம் சாப்பிடும்போது ஜெகன் இடது கையால் சாப்பிட்டான். முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. சாம்பார் சாதத்தை ஸ்பூனால், இடது கையால். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வலது கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனான், அப்புறம் ஸ்பூனை வலது கைக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்து, சாப்ட்டீங்களா மாஸ்டர் என்றான். நான் சாப்ட்டேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மணிக்கட்டு வீங்கியிருந்ததா? தூரத்தில் இருந்து அப்படித்தான் தெரிந்தது. குரூப் டான்ஸர் வலியை எப்படி ஒளிப்பான் என்று எனக்குத் தெரியாதா? சுண்டுவிரல் உடைந்து, அதன் மேல் பிளாஸ்திரி போட்டு, அதன் மேல் சலங்கை கட்டி ஆடியவள்தானே நான், வலிக்குதுன்னு சொன்னா நாளைக்கு அந்த இடத்தில் இன்னொருத்தி நிற்பாள் என்பது தவிர எனக்கு வேறு என்ன தெரிந்திருந்தது. கேட்டால் ஒண்ணுமில்ல மாஸ்டர் என்றிருப்பான். அதனால் கேட்கவில்லை. கேட்டு அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் கடலே மாறிவிடும், நாளைக்குக் காட்சி. அதனாலும் கேட்கவில்லை. இப்போது விளக்கு மாறுகிறது. நீலம். நான் கேட்டு வாங்கிய நீலம், நடுக்கடலில் பொழுது சாய்கிற நேரத்து நீலம், ரொம்ப அழகாக இருக்கிறது, கீழே நிற்கிற ஆறு பேரின் கைகளும் எனக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் அவர்களுக்கு மேலே அவள் தெரிவாளா? ஒத்திகைக் கூடத்தில் குழல்விளக்கு வெளிச்சத்தில் பழகியவர்கள். இந்த நீலத்தில் இதுதான் முதல் தடவை. அவள் கை ஜில்லிட்டிருப்பது எனக்குத் தெரியும். அவன் மணிக்கட்டு எனக்குத் தெரியும். இந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். இந்த அரங்கத்தில் மூன்றையும் சேர்த்துத் தெரிந்துவைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.

இரண்டாம் பாட்டு. தாமோதரன் தாழ்ந்த சுரத்தில் ஆரம்பிக்கிறார், கப்பல் அசைகிறது, அதாவது ஆறு பேரும் ஒரே திசையில் சாய்கிறார்கள், கப்பல் எதிர்த்திசையில் போகிற மாதிரி இருக்கிறது, இதுவும் நான் யோசித்ததுதான், பஸ் நிற்கும்போது பக்கத்து பஸ் நகர்ந்தால் வயிறு புரளுமே அதிலிருந்து எடுத்தேன். தண்ணிக்குத் திசை உண்டா தாயே நீ சொல்லு என்று பாடுகிறாள். குரல் திடமாக இருக்கிறது. குரல் இப்படி இருக்கிறவளுக்கு ஒன்றும் ஆகாது. குரலுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம், கழுத்துக்குள் இருந்துதானே குரல். அவளுடைய அம்மா ஒருநாள் ஒத்திகைக்கு வந்திருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயா, வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், ஃபினாயில் வாசனை கூடவே வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தாள், மகள் மேஜையிலிருந்து விழுந்தபோது கண்ணை மூடவில்லை, நான் கவனித்தேன். போகும்போது என்னிடம் வந்து, நல்லாருக்குங்க என்றாள். எலும்பு முறிவு வார்டுலதான் எனக்கு டூட்டி என்றாள். கை கால் ஒட்டிக்கும், கழுத்த மட்டும் பாத்துக்கங்க என்றாள், குழம்புக்கு உப்பு மட்டும் பார்த்துப் போடுங்கள் என்கிற மாதிரி. நான் சிரித்து அவள் தோளைத் தொட்டு, என் பொண்ணு மாதிரிங்க என்றேன். எனக்குப் பெண் கிடையாது. இருந்தால் மேலே ஏற்றியிருப்பேனா? ஏற்றியிருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது, ஏற்றியிருப்பேன். இப்போது அந்த அம்மாளிடம் நான் என்ன சொல்வேன் என்று யோசிக்கிறேன், எந்த வாசலில் வைத்துச் சொல்வேன், அவள் வேலை பார்க்கிற வார்டுக்கே கொண்டுபோவார்களோ, அவளே ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவாளோ, சே, என்ன இது, வாயில் வைக்கக்கூடாததையெல்லாம். பெனிட்டா ஏணியில் கால் வைத்துவிட்டாள்.

இப்போது சொல்லலாம். ஏணியில் இருக்கும்போது சொன்னால் நின்று திரும்பிப் பார்ப்பாள், இறங்கி வருவாள், ஒன்றுமில்லை. அவள் ஏறுவது நிதானமாக இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் ஒரு அடி பாட்டு, சேலைக் கொசுவத்தை இடது கையில் அள்ளிக்கொண்டு. கட்டைவிரல் மைக்கின் பொத்தான் மேல் இருக்கிறது. பொத்தான் வழுக்குகிறது, என் வியர்வை. மேலே போய்விட்டாள். இப்போதும் சொல்லலாம். எங்களைப் பார்த்து நின்று இரண்டு கண்ணி பாட வேண்டும், அந்த இரண்டு கண்ணிக்குள் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் திரும்பிய பிறகு கூடாது. அது எனக்கு உடம்பிலேயே தெரியும். முதுகு திரும்பியவள் கேட்கிறவள் அல்ல, விழ ஆரம்பித்துவிட்டவள், அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தால் உடம்பு சுருண்டுவிடும், கீழே இருக்கிறவர்கள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்புவார்கள், அவ்வளவு போதும். அப்புறம் என் வாய்தான் அவளைத் தள்ளிவிட்டதாக ஆகும். ஆகவே இப்போது. முதல் கண்ணி. ஜெகன் வலது கையைத் தொடையில் தேய்த்துக்கொள்கிறான், அதை நான் பார்த்தேனா, இந்த நீலத்தில் எப்படிப் பார்த்தேன்? இப்போது. நிறுத்துங்க என்று சொல்ல வேண்டாம், பெனிட்டா அப்படியே நில்லும்மா என்று மெல்லச் சொன்னால் போதும். ஆனால் இவ்வளவு நன்றாகப் போகிறதே, இந்த நாடகம் ஒரு தடவைகூட இவ்வளவு நன்றாகப் போனதில்லையே, விளக்குக்காரர்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார், நிறுத்தினால் இது திரும்ப வருமா, நாளைக்கு இதே இடத்தில் அவள் மனசு என் குரலை எதிர்பார்த்து நிற்குமே. யார் பேசுவது, மேடமா? மாஸ்டர் எங்கே போனாள்? இரண்டாம் கண்ணி. அவள் எங்களைப் பார்த்துப் பாடுகிறாள், இருட்டைப் பார்த்துப் பாடுகிறாள், போற எடம் தெரியலயே பொழுதும் சாயலயே, இப்போது, இப்போது சொல், சனியனே சொல். அவள் திரும்பிவிட்டாள்.

முடிந்தது. இனி நான் ஒன்றும் செய்ய முடியாது. மைக்கை மடியில் வைத்தேனா கீழே போட்டேனா தெரியவில்லை. அவள் முதுகு தெரிகிறது, ரவிக்கைக்கு மேலே கழுத்து தெரிகிறது, கொண்டைக்குக் கீழே அந்தச் சின்ன இடம், கழுத்த மட்டும் பாத்துக்கங்க. கைகள் விரிகின்றன. தாமோதரன் கடைசி அடியை வாசிக்கிறார், அந்த அடியின் நாலாவது தட்டில் அவள் குதிகால் எழும்ப வேண்டும், எழும்புகிறது, நான் கண்ணை மூடக்கூடாது, அவளுடைய அம்மா மூடவில்லை, விழ வேண்டிய இடம் வருகிறது, வந்தது. வந்து போனது. அவள் விழவில்லை. கைகள் விரிந்தபடி இருக்கின்றன, குதிகால் மறுபடி பலகையில் பதிந்துவிட்டது. கீழே பன்னிரண்டு கைகள் நீட்டியபடி நிற்கின்றன, எதுவும் வந்து விழவில்லை. தாமோதரன் கடைசிச் சுரத்திலிருந்து விரலை எடுக்கவில்லை, அழுத்திக்கொண்டே இருக்கிறார், அந்த ஒரே சுரம் அரங்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அவள் கைகளைத் தாழ்த்தினாள். திரும்பினாள். எங்களைப் பார்த்தாள். பாட்டில் அதற்கு மேல் அடி கிடையாது, அதனால் முதல் அடியையே எடுத்தாள், தண்ணிக்குத் திசை உண்டா, ரொம்பத் தாழ்வாக, பாடுகிற மாதிரி இல்லாமல் கேட்கிற மாதிரி. ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். தாமோதரன் அவள் கூடவே வந்தார். அவள் கடலுக்குள் இறங்கி, நீட்டிய கைகளுக்கு நடுவில் நடந்து, ஒன்றையும் தொடாமல், மேடையின் விளிம்புக்கு வந்து நின்றாள். செத்துப்போகாத அஞ்சலை. நான் எழுதாத, ஆட்டுவிக்காத, ஒத்திகை பார்க்காத ஒன்று என் முன்னால் நடந்து முடிந்தது. நன்றாக இருந்தது என்று உடனே தெரிந்தது, அது தெரிந்ததும் கோபம் வந்தது, முதலில் கோபம்தான் வந்தது என்பதை ஒளிப்பானேன், என் காட்சியை எடுத்துக்கொண்டாளே என்று. அப்புறம்தான் அவள் நிற்கிற விதம் கண்ணில் பட்டது. இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றாள். சுரம் நின்றுவிட்டது. எல்லோரும் இருட்டுக்குள் என் பக்கம் பார்த்தார்கள். ஹெட்செட் மாட்டிய மேடை நிர்வாகி கிருபா விங்கிலிருந்து தலையை நீட்டி, மறுபடி போலாமா மேடம் என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பெனிட்டா திரும்பி ஏணிப் பக்கம் நடந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சாரி சொல்லவில்லை. சொன்னதைச் செய்து பழகிய கால்கள், தானாக நடந்தன. ஏணியில் ஒரு கை வைத்துவிட்டாள். என் பயமெல்லாம் அதுவரை பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் போதும், அவள் ஏறிவிடுவாள். இந்தத் தடவை விழுவாள்.

"ஏறாத," என்றேன். மைக் எங்கே என்று தேடவில்லை. என் சொந்தக் குரல், கிழிந்த குரல், அது மேடை வரைக்கும் போயிற்று. அவள் கையை எடுத்தாள். எழுந்து மேடைக்குப் போனேன். நாற்காலி வரிசையிலிருந்து மேடைப் படி வரை எவ்வளவு தூரம், பக்கத்து நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்துப் போனேன், பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும். முதலில் ஜெகனிடம் போய்க் கையைக் காட்டச் சொன்னேன். இடது கையை நீட்டினான். மற்றது என்றேன். மணிக்கட்டு பணியாரம் மாதிரி உப்பிக் கிடந்தது. நேற்று இந்த மேடைக்கு செட் ஏற்றும்போது நசுங்கியதாம். ஒண்ணுமில்ல மாஸ்டர், தாங்கும் என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் இடம் எங்கேயும் போகாது, கையை மட்டும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வா என்று சொல்லி, கிருபாவிடம் ஆட்டோ பிடிக்கச் சொன்னேன். கடலில் மற்ற ஐந்து பேரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்கும் தெரிந்திருந்தது போல. தாமோதரன் கீபோர்டை விட்டு எழுந்து மேடை விளிம்பில் கை ஊன்றிக்கொண்டு, இறங்கி வந்ததுக்கு நான் நாலு அடி சேத்துக்கறேன், ராத்திரிக்குள்ள முடிஞ்சிரும் என்று மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், வருஷக்கணக்காக மனசில் வைத்திருந்த விழுதல் ஒரு தலையாட்டலில் போயிற்று.

பெனிட்டா ஏணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், அவள் என் விரல்களைக் குனிந்து பார்த்தாள். ஏன் விழவில்லை என்று கேட்டேன். கோபமாகக் கேட்டதாக நினைத்துக்கொள்வாளோ என்று பயந்து, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன் என்றேன்.

"உங்க மூஞ்சியப் பாத்தேன் மாஸ்டர்," என்றாள்.

புரியவில்லை. இருட்டில் உட்கார்ந்திருந்தேனே என்றேன். அவள் அரங்கத்தின் பக்கம் கையைக் காட்டினாள். நாற்காலிகளின் கருப்புக்கு நடுவில் என் பலகை தெரிந்தது. ஸ்கிரிப்ட் படிப்பதற்காக அதன் மேல் வைத்திருந்த சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் என் காலி நாற்காலியின் முதுகு பளிச்சென்று தெரிந்தது, தையல் பிரிந்த இடம் வரைக்கும். இங்க மேலேருந்து பாத்தா வேற எதுவுமே தெரியல மாஸ்டர், உங்க மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சுது என்று சொன்னாள். ஒத்திகைக் கூடத்திலும் ஒவ்வொரு தடவையும் திரும்புவதற்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டுதான் திரும்புவாளாம். நீங்க பாட்டுக்கு சலனமே இல்லாம உக்காந்திருப்பீங்க, அதப் பாத்தா எனக்கு தைரியமா இருக்கும் என்றாள். இன்றைக்குப் பார்த்தாளாம். என் வாய் திறந்திருந்ததாம். யாரோ என் கண் முன்னாலேயே விழுந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்ததாம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றபோது, கீழே யாரும் இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தது, நனைந்தேன் என்கிற மாதிரி சொன்னாள். நான் ஒளித்து வைத்ததாக நினைத்ததெல்லாம் இவ்வளவு நேரமும் வெளிச்சம் போட்டுக் காட்டப்பட்டிருக்கிறது, என் முகம்தான் மேடை, அவள் ஒருத்திதான் ஜனம். ஒளிக்க முடிந்திருந்தால்? விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால்? அதற்கு மேல் நினைக்க முடியவில்லை, நினைவு அந்த இடத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது. எனக்குப் பயமா இருந்துச்சும்மா, காலையிலேருந்தே என்றேன். அவளிடம் மட்டும்தான் சொன்னதாக நினைத்தேன், அவள் காதோரம் ஒட்டியிருந்த மைக் இன்னும் அணைக்கப்படவில்லை, என் வார்த்தை பின்சுவரில் மோதி எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. கடலில் ஒரு பெண் மெல்லத் தரையில் உட்கார்ந்துகொண்டாள், இவ்வளவு நேரம் உட்கார அனுமதி இல்லாதவள் மாதிரி.

இறங்கி வருவதையே வைத்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன். நாளைக்குத் திரும்பி நிற்கவே வேண்டாம், பாடி முடித்து இறங்கிவிடு, கடலை நான் வேறு மாதிரி பண்ணித் தருகிறேன், அஞ்சு பேரை வைத்து. சரி என்றாள். அப்புறமும் போகவில்லை. ஏணியின் இரும்புக் குழாயை விரலால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

"நாளைக்கு இந்தப் பலகையெல்லாம் இருக்காதுல்ல மாஸ்டர்? நீங்க எங்க உக்காருவீங்க?"

நான் முதல் காட்சிக்கு உட்காருவதே இல்லை. எந்த நாடகத்துக்கும். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவை ஒட்டி, திரைச்சீலை மறைவில் நின்றுகொண்டிருப்பேன், தாங்க முடியாவிட்டால் வெளியே போய்விடுவதற்காக. முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக. நாளைக்கு ஜனம் நிறைந்திருக்கும், அவளுடைய அம்மா வந்திருப்பாள், கடலில் கை குறையும், இறங்கும்போது கால் தவறலாம், சேலை தடுக்கலாம், அவள் மறுபடியும் அங்கே நின்று வேறு ஏதாவது நினைக்கலாம், என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுத்ததற்கு வெளியே அவள் போய்விட்டாள், இனி அவள் மேலே நிற்கிற ஒவ்வொரு சாயங்காலமும் எனக்கு இப்படித்தான் இருக்கும். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

முன்வரிசையில, நடுவுல என்று சொன்னேன்.

அப்ப சரி என்று சொல்லிவிட்டு, அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  பயம் போய்விடும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன், போகவில்லை. அப்படியே, ஏணியைப் பிடித்தபடியே, நாளைய கடலைச் சொல்லிக்கொடுக்க, மற்ற ஐந்து பேரையும் கிட்டே வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.